வராத நாளுக்கும் ஃபுல் ஃபீஸ்: ரெண்டு வருஷம் சைக்கோஅனலிசிஸ் போனவரோட ரிவ்யூ

போன மாச பில்லு கைக்கு வந்துச்சு. 13 செஷன்னு போட்டிருக்கு, நான் போனது 11 தான். போகாத அந்த ரெண்டு நாளும் மத்த நாளுங்களோட சேர்ந்து தேதியும் தொகையுமா வரிசையில நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு, பக்கத்துல 'வரலை'ன்னு ஒரு குறிப்புகூட கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியா இருந்தா இதை பாத்துட்டு பொங்கியிருப்பேன். இப்ப கட்டிட்டு பேசாம வந்துட்டேன். எனக்கு புரிஞ்சுடுச்சா இல்ல மரத்துப்போச்சான்னு தெரியல, அதான் எழுதி பாக்கலாம்னு உக்காந்தேன்.

முதல்லயே சொல்லிடறேன், இது சாதாரண கவுன்சலிங் பத்தின ரிவ்யூ கிடையாது, சைக்கோஅனலிசிஸ், அதாவது மனசை பேசிப் பேசியே அலசற வைத்தியம். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம், கவுச்ல படுத்துகிட்டு மனசுல என்ன ஓடுதோ அதை சொல்லிகிட்டே இருக்கணும், அனலிஸ்ட் தலைமாட்டுக்கு பின்னாடி நம்ம கண்ணுல படாம உக்காந்திருப்பாங்க. மேடம் பேரு, இடம் எதுவும் போட மாட்டேன், யாரும் கேக்காதீங்க. ஆளு கெட்டிக்காரங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி நான் போற போக்குல உதிர்த்த ஒரு வார்த்தையை கரெக்டா எடுத்து முன்னாடி வைப்பாங்க பாருங்க, தூக்கிவாரி போடும். அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா வைத்தியம் எப்படி போச்சுன்னு எழுத ஆரம்பிச்சா அது ரிவ்யூவா இருக்காது, என் சுயசரிதை ஆயிடும். அதனால ஃபீஸ் மேட்டர் மட்டும்.

ரூல் என்னன்னா, அந்த 3 ஸ்லாட்டும் நம்மளோடது. வந்தாலும் காசு, வராட்டியும் காசு, எவ்வளவு நாள் முன்னாடி சொன்னாலும் காசு. இதை மூணாவது சந்திப்போட கடைசி ரெண்டு நிமிஷத்துல சொன்னாங்க. நான் அதுக்கு முன்னாடி 48 நிமிஷம் அழுதிருந்தேன். அந்த நேரத்துல வீட்டு பத்திரத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன், போன்ல ஏதாவது ஆப் போடும்போது கண்டிஷன் எல்லாத்துக்கும் சரி சரின்னு தட்டுவோமே அந்த மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். எழுத்துல ஒண்ணும் தரல. முதல் ஸ்டார் அங்கயே கட்.

மத்த தெரபிஸ்டுங்க நிறைய பேர் 24 மணி நேரம் இல்லாட்டி 48 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டா விட்டுடுவாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுகிட்டு இருந்தேன். ரெண்டாவது மாசம் ஆஃபீஸ்ல ஒரு மீட்டிங், நாலு நாள் முன்னாடியே பணிவா மெசேஜ் போட்டேன், "சரி, வெள்ளிக்கிழமை பாக்கலாம்"னு பதில் வந்துச்சு. ஆஹா எவ்வளவு தன்மையா பேசறாங்கன்னு சந்தோஷப்பட்டேன். மாசக் கடைசியில பில்லு வந்தப்ப தான் தெரிஞ்சுது அந்த தன்மைக்கும் ஃபீஸுக்கும் சம்பந்தமே இல்லைன்னு.

கோவத்துல ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன், இந்த ரூல் எங்கேருந்து வந்துச்சுன்னு. மேடம் கண்டுபிடிச்சது இல்ல, இந்த வைத்தியத்தையே உண்டாக்கின ஃபிராய்டே 1913ல ஒரு கட்டுரையில எழுதி வெச்சிருக்காரு. டாக்டரோட வேலை நாள்ல ஒரு குறிப்பிட்ட மணி நேரம் நோயாளிக்கு ஒதுக்கியாச்சு, அது அவரோடது, பயன்படுத்தினாலும் படுத்தாட்டியும் அதுக்கு அவர்தான் பொறுப்பு, பாட்டு வாத்தியாருக்கும் மொழி சொல்லித்தர்றவருக்கும் இப்படித்தானே கொடுக்கறோம், அதை யாரும் தப்பா நெனக்கறதில்லையேன்னு. அதாவது வாடகை கணக்கு. வீட்டை பூட்டிட்டு ஒரு மாசம் ஊருக்கு போனா ஓனர் அந்த மாச வாடகையை விட்டுடுவாரா என்ன.

அதுக்கு அவர் சொல்ற காரணம் தான் எனக்கு முதல்ல எரிச்சலா இருந்துச்சு. ரூலை தளர்த்தினா 'எப்பவாவது' வராம போறது பெருகி பெருகி டாக்டர் பிழைப்பே ஆட்டம் கண்டுடுமாம், இறுக்கி பிடிச்சா தற்செயலா வர்ற தடங்கல் எல்லாம் வர்றதே இல்லையாம், நடுவுல உடம்பு சரியில்லாம போறது கூட அபூர்வமாயிடுமாம். இதென்ன, ஃபீஸ் வாங்கினா காய்ச்சல் பயந்துகிட்டு வராதான்னு சிரிச்சேன். அப்புறம் பில்லை எல்லாம் எடுத்து வெச்சு எண்ணி பாத்தேன். முதல் 6 மாசத்துல நான் மிஸ் பண்ணது 9. அதுல 6 தடவை, முந்தின செஷன்ல அப்பா பத்தி பேச்சு வந்திருக்கு. அடுத்த நாள் தலைவலி, வண்டி பஞ்சர், அலாரம் அடிக்கல. இதெல்லாம் நெஜமாவே நடந்துச்சுங்க, நான் பொய் சொல்லல, பஞ்சர் போட்ட ரசீது கூட இருந்துச்சு. ஆனா அதே வண்டி மத்த நாள்ல பஞ்சர் ஆனப்ப எல்லாம் நான் பஸ் புடிச்சு போயிருக்கேன்.

சரி ஃபிராய்ட் சொன்னது பாதி உண்மைன்னே வெச்சுக்கலாம். ஆனா ஃபிராய்டை காட்டி காசு வாங்கறவங்க அவர் அதுக்கு பக்கத்துலயே எழுதின மீதியை சொல்றதில்ல. உடம்புக்கு நெஜமாவே முடியாம போச்சுன்னா அவர் வைத்தியத்தை நிறுத்திடுவாராம், அந்த மணி நேரத்தை வேற ஆளுக்கு கொடுக்க தனக்கு உரிமை உண்டுன்னு வெச்சுக்குவாராம், நோயாளி குணமாகி வந்ததும் தன்கிட்ட வேற மணி நேரம் காலியா இருந்தா திரும்ப சேத்துக்குவாராம். அதாவது நோயாளி படுத்த படுக்கையா கெடக்கும்போது வாடகை ஓடல, ஆனா வீடும் கையில இல்ல. இது கறாரா, கருணையா? எனக்கு ரெண்டுமா தெரியுது. அதே கட்டுரையில, பத்து வருஷம் போல தினமும் ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு மணி நேரம், இலவசமாவே வைத்தியம் பாத்தேன்னும் சொல்றாரு, அதனால எதிர்பாத்த பலன் இல்ல, சில பேருக்கு முரண்டு ஜாஸ்தியாச்சுன்னும் சொல்றாரு. அப்படி சொன்ன மனுஷனே 'ஓநாய் மனிதன்'னு எல்லாரும் சொல்ற அந்த ரஷ்யக்கார நோயாளி புரட்சியில சொத்தெல்லாம் போய் நின்னப்ப ஃபீஸ் வாங்காம பாத்திருக்காரு, போதாததுக்கு அவருக்காக மத்தவங்ககிட்ட காசு வேற வசூல் பண்ணி கொடுத்திருக்காரு. 1918ல புடாபெஸ்ட்ல பேசும்போது ஏழைங்களுக்கு இலவசமா இந்த வைத்தியம் கிடைக்கற காலம் வரும்னாரு, 1920லயே பெர்லின்ல அவரோட ஆளுங்க அப்படி ஒரு கிளினிக் தொறந்துட்டாங்க. ரூல் போட்டவரே இவ்வளவு வளைஞ்சிருக்காரு.

எதிர்த்து பேசினவங்களும் உள்ளுக்குள்ளயே இருந்திருக்காங்க. ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான்னு ஒரு பெரிய அனலிஸ்ட், 1950லயே நேரா கேட்டுட்டாங்க: செய்யாத வேலைக்கு காசு கிடையாதுங்கறது ஊர் உலக வழக்கம், அதுலேருந்து மனநல டாக்டருக்கு மட்டும் என்ன தனி சலுகைன்னு. படிச்சதும் கைதட்டணும் போல இருந்துச்சு. அடுத்த செஷன்லயே மேடம்கிட்ட ஒப்பிச்சேன், வக்கீல் கணக்கா. அவங்க முழுசா கேட்டுட்டு, "நேத்து ராத்திரி எத்தனை மணி வரைக்கும் படிச்சீங்க?"ன்னாங்க. மூணு மணி. வேற எந்த பில்லுக்காகவும் நான் ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்ததில்ல, அது எனக்கே அப்பதான் உறைச்சுது.

இப்ப காய்ச்சல் கதைக்கு வர்றேன். எட்டாவது மாசம். மூணு நாள் நல்ல ஜுரம், ஒரு செஷன் போச்சு, டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி பையில வெச்சுகிட்டே போனேன். படுத்ததும் ஆரம்பிச்சேன்:

"மேடம், புதன்கிழமை நெஜமாவே முடியல. 102 டிகிரி. சர்டிஃபிகேட் இருக்கு, வேணும்னா பாருங்க."

பின்னாடிலேருந்து சத்தமே இல்ல. நாற்காலி லேசா கிரீச்சுன்னுது.

"நெஜமாவேன்னு ரெண்டாவது தடவை சொல்லணும் போல இருக்கா?"

"நான் ரெண்டு தடவை சொல்லலையே."

"சர்டிஃபிகேட் ரெண்டாவது தடவை தானே."

எனக்கு மூக்கு எல்லாம் அடைச்சுகிட்டு வந்துச்சு. எங்கப்பா. ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதணும்னா அவர் நெத்தியில கை வெச்சு பாக்கணும். அம்மா பாத்தா செல்லாது. கையை வெச்சுட்டு அப்படியே கொஞ்ச நேரம் நிப்பாரு, ஏதோ காய்கறி பழுத்துடுச்சான்னு பாக்கற மாதிரி, அப்புறம் "போலாம், ஒண்ணுமில்ல"ம்பாரு. நான் அந்த கைக்கு அடியில மூச்சை புடிச்சுகிட்டு, உடம்பு இன்னும் கொஞ்சம் சுடணும் சுடணும்னு வேண்டிகிட்டு படுத்திருப்பேன். இதை முப்பது வருஷமா நான் யாருக்கும் சொன்னதில்ல. மூணு வாரம் அதையே பேசினோம். சர்டிஃபிகேட்டை மேடம் கடைசி வரைக்கும் வாங்கி பாக்கவே இல்ல, பொய்யின்னும் சொல்லல, நெஜம்னும் சொல்லல.

ஃபீஸை குறைக்கவும் இல்ல!

இந்த இடத்துல தான் எனக்கும் இந்த சிஸ்டத்துக்கும் இன்னும் வழக்கு இருக்கு. அந்த லீவு லெட்டர் வெளிய வந்தது எனக்கு பெரிய விஷயம், மறுக்கல. ஆனா பாதி ஃபீஸ் வாங்கியிருந்தா அது வெளிய வந்திருக்காதா? காசு விஷயத்தை எதுக்கு எடுத்தாலும் 'இதுக்கு உங்களுக்கு என்ன தோணுது'ன்னு திருப்பி விடறது ஒரு வகையில வசதியான ஆயுதம். கட்டினா 'அடங்கி போறீங்க', கட்டலைன்னா 'எதிர்க்கறீங்க', நடுவுல நின்னா 'தயங்கறீங்க'. சொந்த காசுல சூனியம்னு சொல்வாங்களே, அதுக்கு மாச பில்லு போட்டு கொடுத்த மாதிரி சில நாள் இருக்கும். சில நாள் மேடமே அதை ஒத்துகிட்டாங்கங்கறதையும் சொல்லணும். "இந்த ரூல் எனக்கும் சம்பாத்தியம், அதை மறைச்சுட்டு பேச முடியாது"ன்னு ஒரு தடவை பளிச்சுன்னு சொன்னாங்க. காசுன்னு வந்தா படிச்ச நாகரிகமான ஜனங்க கூட செக்ஸ் பத்தி பேசற மாதிரியே கூச்சமும் பாசாங்குமா நடந்துக்கறாங்கன்னு ஃபிராய்ட் எழுதியிருக்காரு, அவர் சொன்னதுல எனக்கு ஒரு மாத்துகூட குறைய தோணாத வாக்கியம் அதுதான். மேடம் அந்த பாசாங்கு பண்ணல.

கணக்கையும் போட்டு பாத்தேன். வாரத்துக்கு 30 மணி நேரம் இந்த மாதிரி உக்காந்து கேக்கறதே பெரிய பாடு. ஒரு ஆளுக்கு 3 மணி நேரம்னா மொத்தமே 10 பேர். அதுல ஒருத்தர் ரெண்டு வாரம் வரலைன்னா அந்த ரெண்டு வார வருமானத்துல பத்துல ஒரு பங்கு காலி. பல் டாக்டர்னா ஒருத்தர் வரலைன்னா வெளிய பெஞ்சுல இருக்கறவரை உள்ள கூப்பிட்டுக்குவாரு, இங்க திடீர்னு யாரை கொண்டுவந்து படுக்க வெப்பாங்க. இது புரிஞ்சதுக்கு அப்புறம் கோவம் பாதி வடிஞ்சுது.

மீதி பாதி வடிஞ்சது வேற ஒரு நாள். டிராஃபிக்ல மாட்டி, போலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு, எப்படியும் காசு போகுதேங்கற கஞ்சத்தனத்துல போய் சேந்தப்ப 50 நிமிஷத்துல 12 நிமிஷம் தான் பாக்கி. கதவு சாத்தியிருந்துச்சு, தட்டினதும் உடனே தொறந்தாங்க, ஓடி வந்து தொறந்த மாதிரி இல்ல, அங்கயே இருந்த மாதிரி. உள்ள விளக்கு எரியுது. தலகாணி மேல புதுசா ஒரு துணி நாலு மூலையும் சரியா வெச்சு விரிச்சிருக்கு, அதுல யார் தலையும் பட்ட மடிப்பு இல்ல. அவங்க நாற்காலியில உக்காந்த பள்ளம் அப்படியே இருக்கு. போன் மேஜை மேல கவுத்து கெடக்கு. அந்த 38 நிமிஷமும் அங்க எனக்காக ஒருத்தர் உக்காந்திருந்திருக்காங்க. நான் வராத அந்த மத்த நாள்லயும் இப்படித்தான் விளக்கு எரிஞ்சுகிட்டு இருந்திருக்கும்ல. அந்த 12 நிமிஷத்துல ஒரு வார்த்தை பேசல நான். நேரம் ஆனதும் எழுந்து வந்துட்டேன். ரெண்டு வருஷத்துல எனக்கு ரொம்ப உபயோகமான செஷன் எதுன்னு கேட்டா அதைத்தான் சொல்வேன், அதுக்கு மட்டும் ரெண்டு ஸ்டார் கொடுக்கலாம்.

ஹோசே பிளேகர்னு ஒரு அர்ஜென்டினாக்கார அனலிஸ்ட், 1967ல எழுதியிருக்காரு, நேரம், இடம், ஃபீஸ் இந்த மாதிரி மாறாத விஷயங்கள் எல்லாம் ஒழுங்கா இருக்கற வரைக்கும் நம்ம கண்ணுக்கே தெரியாது, அது மாறும்போதோ உடையும்போதோ தான் தெரியும்னு. எனக்கு அந்த 12 நிமிஷ நாள் தெரிஞ்சுது.

இதனாலதான் என் ஃப்ரெண்டு கதையை கேட்டதும் பத்திகிட்டு வந்துச்சு. அவளும் வேற ஒரு இடத்துல இதே ரூல்ல போறா. ஒரு நாள் வரலைன்னு சொல்லிட்டு, அப்புறம் ஃப்ரீ ஆயிடுச்சேன்னு அவ நேரத்துக்கே போயிருக்கா, உள்ள வேற ஆளு படுத்திருக்காரு! அந்த நாளுக்கு இவகிட்டயும் ஃபுல் ஃபீஸ் வாங்கியிருக்காங்க. ஒரே ரூமுக்கு ரெண்டு வாடகை. அதை கேட்டா அதுக்கும் 'உங்க இடத்தை வேற ஒருத்தர் எடுத்துகிட்டாங்கங்கறது உங்களுக்கு எப்படி இருந்துச்சு'ன்னாங்களாம். எப்படி இருந்திருக்கும், வயித்தெரிச்சலா இருந்திருக்கும். என் மணி நேரத்துக்கு நான் காசு கொடுக்கறேன்னா அது எனக்காக காலியா கெடக்கணும், அதை வித்துட்டா எனக்கு காசு திரும்பி வரணும், அவ்வளவுதான் பேச்சு. அவ அங்க போறதை நிறுத்திட்டா.

எனக்கும் ஒரு புண்ணு ஆறாம இருக்கு. ரெண்டாவது வருஷம் அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்து ரெண்டு வாரம் நான்தான் கூட இருந்தேன். 6 செஷன். மேடம் போன்ல பேசலாம்னாங்க, ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னுகிட்டு நான் என் மனசை பத்தி பேசற நெலமையில இல்ல, வேணாம்னுட்டேன். அப்புறம் ரெண்டு செஷன் வேற நாள்ல ஈடு கொடுத்தாங்க, மீதி 4க்கு பில்லு வந்துச்சு. இது அப்பா கை வெச்சு பாத்த நெத்தி இல்ல மேடம், இது அம்மா, ஐசியூன்னு கத்தினேன். "இது நியாயமில்லைன்னு உங்களுக்கு தோணறதுல தப்பே இல்ல"ன்னாங்க. சரி, அப்ப குறைங்க. குறைக்கல. எல்லாத்துக்கும் ஒரு விலக்கு கொடுத்தா எது நெஜமான காரணம்னு தீர்ப்பு சொல்ற ஆளா நான் ஆயிடுவேன், உங்கப்பா மாதிரின்னாங்க. லாஜிக் எனக்கு புரியுது. புரியறதும் ஒத்துக்கறதும் வேற வேற. அந்த 4 செஷன் காசை நான் இன்னும் மன்னிக்கல, மேடத்துக்கும் அது தெரியும், ஸ்டார் இன்னொண்ணு அங்க போச்சு.

நீங்க கேன்சல் பண்ணா எனக்கு யார் கொடுப்பாங்கன்னு ஒரு தடவை கேட்டுட்டேன். அவங்க வராத நாளுக்கு ஃபீஸ் இல்ல, அது சரி, ஆனா நானும் ஆஃபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு கெளம்பி பாதி வழியில இருக்கும்போது மெசேஜ் வந்துச்சு ரெண்டு தடவை, என் மணி நேரத்துக்கு வாடகை யார் கொடுப்பா. அன்னிக்கு தான் மேடம் சத்தமா சிரிச்சு நான் கேட்டது. பதில் வரல. பேசலாம்னாங்க, இன்னும் பேசிகிட்டு இருக்கோம்.

புதுசா சேர்றவங்க முதல் சந்திப்புலயே, அழறதுக்கு முன்னாடியே, கேட்டுடுங்க. எவ்வளவு நாள் முன்னாடி சொன்னா ஃபீஸ் இல்ல, இல்ல எப்பவுமே உண்டா. ஈடு செஷன் உண்டா. ஆஸ்பத்திரி, சாவு இதுக்கெல்லாம் என்ன. என் நேரத்துல வேற ஆளை பாத்தா எனக்கு கழிப்பீங்களா. இதை எழுத்துல கேளுங்க, சங்கடமா பாத்தா பாக்கட்டும். முக்கியமா லீவு: சில அனலிஸ்டுங்க தங்களோட லீவு தேதியை முன்னாடியே கொடுத்துடுவாங்க, அதே தேதியில நீங்களும் லீவு எடுத்தா காசு இல்ல, வேற தேதியில எடுத்தா உங்க கணக்கு. எங்க மேடமும் அந்த கட்சிதான். மாசாமாசம் செட்டில் பண்ணிடுங்க, சேர்த்து வெச்சா உள்ள படுத்துகிட்டு கடனை பத்தி மட்டும் தான் நெனப்பு ஓடும்.

மொத்தத்துல 5க்கு 3. வைத்தியத்துக்கு மட்டும்னா 5 கொடுத்திருப்பேன். மாச சம்பளத்துல இழுத்து புடிச்சு வாழறவங்க இந்த ரூல் இருக்கற இடத்துல சேர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு 10 செஷன் தண்டமா போகும்னு சேர்த்தே கணக்கு போட்டு பாருங்க, அது தாங்கலைன்னா 48 மணி நேர ரூல் இருக்கற ஆளா தேடுங்க, அதுல ஒண்ணும் கௌரவ குறைச்சல் இல்ல.

அடுத்த மாசம் மேடம் மூணு வாரம் லீவு. ரெண்டு வருஷமா அந்த தேதிக்கு எனக்கு ஆஃபீஸ்ல லீவு கேக்கவே தோணாது, அவங்க திரும்பி வந்த மறுநாள் தான் எனக்கு எங்கயாவது போகணும் போல இருக்கும், அதுக்கு ஃபீஸும் கட்டுவேன். இந்த தடவை அதே மூணு வாரத்துக்கு போட்டிருக்கேன், லீவு லெட்டர் நேத்து சாங்ஷன் ஆயிடுச்சு.